வலப்பக்கத்துக் கோடு

ஆய்வுக்கூடத்து ஸ்கேனர் சோதனையின் படத்தைத் திரையில் மேலிருந்து கீழாக, நூல் நூலாக இறக்குகிறது. ஆராய்ச்சி மாணவியின் கால் நாற்காலிக்கடியில் நிலைகொள்ளாமல் ஆடுகிறது. செல்லுக்குள் இருக்கும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.தான், பெரிய ஆர்.என்.ஏ.வில் எந்த இடத்தில் வேதிக் குறி வைக்க வேண்டும் என்று நொதிக்கு வழிகாட்டுகிறது என்பது அவள் கட்சி. முனைவர் பட்டமே அதன்மேல்தான் நிற்கிறது. அந்தக் குட்டியை நீக்கிய செல்களில் குறி இருக்கக் கூடாது. இருந்தால் படத்தில் கோடு விழும். "கையுறையோட மூக்கைச் சொறிஞ்சுட்டேன்க்கா. அதே கையாலதான் டியூபைத் திறந்தேன். தோல்ல இருக்கிற நொதி பட்டு ஆர்.என்.ஏ. எல்லாம் சிதைஞ்சிருக்கும்." "உன் மூக்குக்கு அவ்வளவு பவரா? பேசாம படத்தைப் பாரு," என்கிறாள் பக்கத்து மேசை சீனியர். குளிர்பெட்டி உறுமி அடங்குகிறது. திரையின் உச்சியில் இரண்டு பட்டைகள் கன்னங்கரேலென்று வருகின்றன, ஆர்.என்.ஏ. எதுவும் சிதையவில்லை. "பாத்தியா? சும்மா பயந்து சாகுற." மாணவியின் காலாட்டம் நிற்கவில்லை. படம் இன்னும் கீழே இறங்குகிறது. இடப்பக்கம், சாதாரண செல்களின் வரிசையில், கோடு விழுகிறது, விழத்தான் வேண்டும். வலப்பக்கம், குட்டியை நீக்கிய செல்களின் வரிசையில், வெறுமையாக இருக்க வேண்டிய இடத்தில், பென்சிலால் இழுத்ததுபோல் இன்னொரு கோடு. சீனியரின் குரல் தாழ்கிறது. "அடியே, குட்டி இல்லாமலே குறி விழுந்திருக்கு. வேற ஏதோ ஒண்ணு அந்த வேலையைப் பாக்குதுடி." மாணவி, மூச்சுக்காற்று கண்ணாடியில் படியுமளவு திரையை நெருங்கிக் குனிகிறாள். "யாரு நீ?" என்று அந்தக் கோட்டிடமே கேட்கிறாள்.