விலக்குக் கடிதம்

காலை பத்து இருபது. எட்டாம் வகுப்புப் பெண்கள் மைதானத்தில் வரிசையாக நின்றார்கள்.

"வெயிலா இருக்கு மிஸ்."

"ஓடினா காத்து வரும்," என்றாள் விளையாட்டு டீச்சர்.

"பின்னாடி நாய் துரத்தினாத்தான் மிஸ் இவ ஓடுவா."

"அப்ப நீ அவ பின்னாடி ஓடு."

சிரித்துக்கொண்டே எல்லோரும் ஓடினார்கள். ஒருத்தி மட்டும் ஓடவில்லை. டீச்சரிடம் வந்து ஒரு கடிதத்தை நீட்டினாள்.

'என் மகளை ஓட்டப் பயிற்சியிலிருந்து விலக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.' கீழே தாயின் கையெழுத்து.

டீச்சர் அதைப் பதிவேட்டுக்குள் வைத்தாள். உள்ளே ஏற்கெனவே அதே கையெழுத்துடன் பதினொரு கடிதங்கள் இருந்தன.

"உடம்புக்கு என்ன?" எல்லோரிடமும் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மிஸ். டாக்டர் ரெண்டு தடவ பாத்துட்டு, தாராளமா ஓடலாம்னு சொல்லிட்டாரு. எங்கம்மாவுக்குத்தான் பயம்."

"அம்மா சொன்னா கேக்கணும். போய் உக்காரு."

அவள் போகவில்லை. முதல் சுற்றை முடித்தவர்கள் மூச்சு வாங்கக் கடந்து போனார்கள்.

"ஒரே ஒரு ரவுண்டு மிஸ்."

"லெட்டர் இருக்குல்ல?"

டீச்சர் விசிலை வாயில் வைத்தாள். ஊதவில்லை.

சிறுமி சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிடக் கூடாது என்பது வீட்டில் போட்ட சட்டம்.

"அம்மா, அக்கா விழுந்து செத்தது இதே மைதானத்துலதான். எனக்கு மட்டும் லெட்டர் எழுதுற. மத்த பிள்ளைங்கள மட்டும் எப்படிம்மா ஓடச் சொல்ற?"