காத்மாண்டு – பேங்காக், மூன்றேகால் மணி நேரம்

விமானம் ஓடுதளத்தில் வேகமெடுத்ததும், ஜன்னலோர அம்மாள் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். அறுபதைத் தாண்டிய முகம் வேர்த்திருந்தது.

பக்கத்தில் இருந்த நரேந்திர ஷாக்யாவுக்கு இரக்கமாகிவிட்டது. காத்மாண்டுவை ஒட்டிய பாட்டன் நகரில் பஷ்மினா சால்வைக் கடை வைத்திருக்கும் அவருக்கு பேங்காக் என்பது பக்கத்துத் தெரு மாதிரி.

"பயப்படாதீங்க தீதி" என்றார், அக்கா முறை வைத்து. "முதல் தடவையா?"

"ஆமா, இப்படி உட்கார்ந்து போறது முதல் தடவைதான்."

"மொத்தமே ரெண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். மூணேகால் மணி நேரம். அங்கே கடிகாரம் நம்மளதைவிட ஒண்ணேகால் மணி முன்னால ஓடும். விமானம் லேட்டுன்னு நினைச்சுப் பதறிடாதீங்க."

அம்மாள் பணிவாகத் தலையாட்டினாள்.

அப்போது விமானி அறையிலிருந்து ஒரு இளம்பெண் குரல், ஒலிபெருக்கியில் பயணிகளுக்கு வணக்கம் சொன்னது. நரேந்திரா உதட்டைப் பிதுக்கினார்.

"சின்னப் பொண்ணு குரலா இருக்கே! பழைய பைலட்டுங்க எல்லாம் எங்கே போனாங்க?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க" என்றாள் அம்மாள்.

வங்காள விரிகுடாவுக்கு மேலே வந்தபோது விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. நரேந்திராவின் தேநீர் சட்டையில் கொட்டியது. கண்ணை மூடி, தெரிந்த தெய்வங்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார்.

"மழை மேகம்தான். இப்போ சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, அம்மாள் தன் தேநீரை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

விவரம் தெரியாததும் ஒரு வகையில் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டார் நரேந்திரா.

பேங்காக் நெருங்கியதும் அம்மாளுக்கு மறுபடியும் வேர்த்தது. வலது கால் தரையை அழுத்தியது. உதடுகள் என்னவோ முணுமுணுத்தன. மந்திரம் போலிருக்கிறது. நரேந்திரா கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்த பிடியில் அவருடைய மோதிரம் விரலில் பதிந்துவிட்டது.

பூப்போல இறங்கியது விமானம். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பார்த்தீங்களா? இதுக்குப் போயி இவ்வளவு பயம்!" என்று அவளுடைய பையைத் தானே இறக்கிக் கொடுத்தார் நரேந்திரா.

வாசலருகே விமானி அறையின் கதவு திறந்தது. சீருடையில் வெளியே வந்த இளம்பெண், "மம்மி!" என்று ஓடிவந்து அம்மாளைக் கட்டிக்கொண்டாள். "எப்படி இறக்கினேன்? சொல்லு, சொல்லு!"

"ஜோரு" என்றாள் அம்மாள், மகளின் கன்னத்தைத் தட்டி.

நரேந்திராவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெற்ற மகள் ஓட்டினால் எந்தத் தாய்க்குத்தான் நடுங்காது!

"உங்க மம்மி உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தாங்கம்மா. நல்லவேளை, பக்கத்துல நான் இருந்தேன். இருபது வருஷமா இதே கம்பெனி விமானத்துல வந்து போறவன் இல்லையா? தைரியம் சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டேன்!"

அம்மாள் வேண்டாம் என்பதுபோல் மகளுக்குக் கண்ணைக் காட்டினாள். மகளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அந்த இருபது வருஷமும் உங்களைக் கூட்டிட்டு வந்தது மம்மிதான், அங்கிள்!"