வயிற்றுப் பாடம்

"சட்டையைக் கழட்டிட்டுப் படுத்தாச்சு. வா, வந்து தட்டு" என்றார் கணவர்.

நர்ஸம்மாவுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. இதயப் பாடமும் நுரையீரல் பாடமும் படித்த நாட்களில் ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் எடுத்தாலே போதும், கடையில் அவசர வேலை என்று மனிதர் கம்பி நீட்டிவிடுவார். தையல்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன அப்படி அவசரம் என்று கேட்டால், பித்தான் பிய்ந்துவிட்டது என்பார். கடைசியில் மகள்தான் மாட்டிக்கொள்வாள். அவளும் கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்துப் பாடத்தையே கெடுத்துவிடுவாள்.

இன்றைக்கு மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். சிறுநீரகக் கோளாறும் குடல், கல்லீரல் கோளாறுகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வரும் அத்தியாயத்தில் நர்ஸம்மா மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவராகவே வந்து கட்டிலில் நீட்டிப் படுத்துவிட்டார்.

புதன்கிழமை செய்முறைத் தேர்வு. வருடக்கணக்காக வார்டில் ஊசி போட்டுப் பழகியவள்தான். ஆனால் இந்த மேல்படிப்பில், ஒரு உறுப்பு கெட்டால் அடுத்தது ஏன் கெடுகிறது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். தேறிவிட்டால் இரவு வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, மாணவிகளுக்குப் பாடம் எடுக்கப் போகலாம்.

கை சில்லென்று இருந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று மிரட்டினார். அவள் சிரித்தபடி உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு தொடங்கினாள்.

இடது கை நடுவிரலை வயிற்றில் படிய வைத்து, வலது கை நடுவிரலால் அதன்மேல் தட்ட வேண்டும். தொப்புள் அருகே காலிக் குடத்தைத் தட்டியது போலச் சத்தம் வந்தது. சரி என்று விரலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலாப்பக்கம் நகர்த்தினாள். சத்தம் அடங்கி, தண்ணீர் நிறைந்த குடத்தைத் தட்டியது போல மந்தமாகிவிட்டது.

தன் கைதான் இன்னும் பழகவில்லை என்று நினைத்து மறுபடி தட்டினாள். அதே மந்தம்.

"அந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க."

படுத்தார். பாடத்தில் சொன்னபடி கொஞ்சம் காத்திருந்து, மந்தமாகக் கேட்ட அதே இடத்தில் தட்டினாள். இப்போது காலிக் குடம். உள்ளே இருந்தது மறுபக்கம் இறங்கிவிட்டது. கொழுப்பு இப்படி இடம் மாறாது, தண்ணீர்தான் மாறும். நர்ஸம்மாவுக்குப் பகீரென்றது.

"என்ன, பாஸ் ஆயிடுவியா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"பேசாதீங்க, சத்தம் கேக்க மாட்டேங்குது" என்றாள். தன் குரல் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். விழுந்த குழி அப்படியே நின்றது. கண் இமையை இறக்கிப் பார்த்தாள். வெள்ளை விழியில் மஞ்சள் ஓடியிருந்தது. ஊரார் கண்ணையெல்லாம் பார்த்தவள் வீட்டில் இருப்பவர் கண்ணைப் பார்க்காமல் விட்டுவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது. பேண்ட் இடுப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டபோது, எல்லாம் உன் சமையலால் வந்த வினை என்று கேலி செய்தார். அதற்குச் சிரிக்கவும் சிரித்திருந்தாள்.

காலையில் படித்தது வரிசையாக மனதில் ஓடியது. கல்லீரல் இறுகும். வயிற்றில் நீர் கட்டும். பிறகு, தன்னளவில் ஒரு குறையும் இல்லாத சிறுநீரகமும் ரத்த ஓட்டம் குறைந்து வேலையை நிறுத்திவிடும். அதற்கடுத்து என்ன என்பதையும் எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். எழுதும்போது அது யாரோ ஒருவருக்கு வருகிற நோயாக இருந்தது.

"ஒருத்தர் வயித்துல ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அவர்கிட்ட நர்ஸ் என்ன சொல்லணும்னு புத்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டார்.

"நர்ஸ் சொல்லக் கூடாதுங்க. டாக்டர்தான் சொல்லணும்."

"அப்ப நர்ஸ் என்ன பண்ணுவா?"

"பக்கத்துல இருப்பா" என்றாள்.

இவரிடம் மூச்சு விடக் கூடாது என்று முடிவு செய்தாள். ஊசி போடுவதைப் பார்த்தாலே வியர்த்துப்போகும் மனிதர். விஷயம் தெரிந்தால் இடிந்து உட்கார்ந்துவிடுவார், ஆஸ்பத்திரிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். எப்படியாவது நைசாகப் பேசி நாளைக்கே அழைத்துப் போய்விட வேண்டும். இன்னும் வழி இருந்தால் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

எல்லாம் நன்றாக இருக்கிறது, கொஞ்சம் தொப்பைதான் என்றாள். ஊழியர்களின் குடும்பத்துக்கு நாளைக்குச் சும்மா ஒரு பரிசோதனை வைத்திருக்கிறார்கள், நாமும் ஒரு எட்டுப் போய்விட்டு வரலாம் என்றாள். பேச்சு சரியாகத்தான் வந்தது. அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. குனிந்து புத்தகத்தைப் புரட்டினாள்.

அவர் எழுந்து உட்கார்ந்து, அவசரப்படாமல் ஒவ்வொரு பித்தானாகப் போட்டுக்கொண்டார். பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நீ சரியாத்தான் தட்டின" என்றார்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"போன மாசமே ஸ்கேன் எடுத்துப் பாத்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. உன் முகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. வயித்துப் பாடம் உனக்கு எப்ப வரும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்."