சுரண்டிய பெயர்

பழைய சீனத்துச் சின் நாட்டின் புதுச் சட்டப்படி ஐந்து வீடுகள் ஒரு குழு. ஒரு வீடு குடிப்பதிவேட்டுக்குத் தெரியாமல் ஆளை மறைத்தால் ஐந்துக்கும் தண்டனை. அதை எதிர்த்துப் பேசிய யான் என்பவனின் தலையை வெட்டிய அன்றே, எழுத்தர் மெங் பதிவேட்டு மூங்கில் பட்டையிலிருந்து அவன் பெயரைக் கத்தியால் சுரண்டினார். காலையில் பெயர் இருந்தது. மறுபடி சுரண்டினார். மறுநாளும் இருந்தது, மை காயாமல்.

பதிவேட்டில் பெயர் இருந்தால் ஆளும் இருந்தாக வேண்டும் என்று, யானின் மனைவியை வரவழைத்தார்.

"ஏம்மா, உன் புருஷன எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

"தலைய நீங்கதானய்யா எடுத்தீங்க? சட்டத்துக்கே அடங்காத மனுஷன், உங்க கத்திக்கா அடங்கப் போறாரு? சுரண்டுங்க, பாப்போம்."

அவள் கண்முன்னே சுரண்டினார். மெலிந்துபோயிருந்த பட்டை இரண்டாக உடைந்தது. அவள் தினைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மெங் கத்தியைத் துடைத்தார். அலகில் யானின் பெயர் ஈரமாக இருந்தது.