யார் அந்த அழகுமலை?

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்த கந்தப்பன், ஜன்னலுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டான். உள்ளே அவன் மனைவி மருதாத்தாள், கோயம்புத்தூர் ஆபீஸில் தன்னோடு வேலை பார்க்கும் மூணாறுக்காரி பூமாரி வீட்டுக்கு வந்திருக்க, அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பெரியமுத்துவுக்குத்தான் மொதல் எடம். சின்னையன் காத்துக் கெடக்கட்டும்."

"அப்ப அழகுமலைய என்ன செய்ய?" என்றாள் பூமாரி.

"அவன் ஆரு கண்ணுக்கும் படாம பின்னாடியே இருப்பான். மத்தவனுக போனதும் அவனும் போயிருவான்."

கந்தப்பனுக்கு வயிறு பற்றி எரிந்தது. வடகரப்பதியிலிருந்து தினமும் இவளை பஸ் ஏற்றிவிட்டது இதற்குத்தானா? தினம் ஒரு சேலை, தலை நிறையப் பூ, எல்லாம் இவன்களுக்கா? அதுவும் ஒருத்தன் இல்லை, மூன்று பேர்! விறுவிறுவென்று உள்ளே போனான்.

"ஆரு புள்ள அந்த அழகுமலை?"

பூமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மருதாத்தாள்தான் பதில் சொன்னாள்.

"ஆளே இல்லீங்க மாமா. ஆபீஸுக்குப் புதுசா வந்த கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதறோமுங்க. ஒரே நேரத்துல அது மூணு வேலை செய்யோணும். வேலைக்கொரு த்ரெட்டு, அதான் அந்த ஒரு வேலைய மட்டும் பாக்கற இழை, நாங்களே உண்டாக்கி, பேரு வெச்சு, எது முந்தி எது பிந்தின்னு சொல்லி வெக்கறோமுங்க."

கந்தப்பன் அசடு வழியச் சிரித்தான். ஆனாலும் வயிற்றெரிச்சல் முழுசாக அடங்கவில்லை.

"கண்டவன் பேரெல்லாம் வெச்சிருக்கறே. எம்பேர வெக்கத் தோணலையா உனக்கு?"

மருதாத்தாள் பதறிப்போனாள்.

"என்னங்க பேச்சு இது! வேலை முடிஞ்சதும் அதுகளை எங்க கையாலயே கொல்லோணுமுங்க."