"கிடைச்சிடுச்சு, நன்றி"

ஃபார்மட் செய்ததும் பழைய கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. அதன் மதர்போர்டுக்கு ஒலி வரவைக்கும் இலவச மென்பொருளான சவுண்டு டிரைவரைத் தேடி, காலையிலிருந்து அல்லாடிக்கொண்டிருந்தார் கணவர்.

"போன தடவை ஃபார்மட் பண்ணப்போ ரெண்டு நாள்ல தானாவே சவுண்டு வந்துச்சு. இந்தத் தடவை உயிரை வாங்குது!"

"நான் வேணா பார்க்கட்டுமாங்க?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றவர், திடீரென்று திரையைப் பார்த்துக் கத்தினார். "இந்த அநியாயத்தைப் பாரு! இன்டர்நெட்ல ஒருத்தன் இதே மதர்போர்டுக்கு டிரைவர் கேட்டிருக்கான். அப்புறம் 'கிடைச்சிடுச்சு, நன்றி'ன்னு மட்டும் போட்டுட்டுப் போயிட்டான். எங்க கிடைச்சுதுன்னு சொல்ல வேணாமா, அறிவுகெட்டவன்?"

மனைவி அலமாரியைத் திறந்து, ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினாள்.

"அந்த அறிவுகெட்டது நான்தாங்க. டிரைவர் இதுல இருக்கு. போன தடவையும் சவுண்டு தானா வரல."