நாலு மணிக்குள் கொம்பு மாற வேண்டும்

"பவுண்டு. டிகிரி. அரை. காப்பிரைட்," என்றது போன்.

நான் சிரித்துவிட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை.

பழைய கணினியையும் புதுப் போனையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து மல்லுக்கு நிற்கிறாள். பேச்சு போய்விட்ட ஓர் அம்மாவுக்காக அந்தப் போன் பேச வேண்டும். விரலால் ஒரு வாக்கியத்தைத் தொட்டால் அதை உரக்கப் படிக்க வேண்டும்.

வாக்கியங்கள் எல்லாம் தொண்டை ஆபரேஷனுக்கு முன்பே அடித்து வைத்தவை. ஆனால் பழைய கணினியில், பழைய எழுத்துருவில். அங்கே 'அ'வுக்கு ஓர் எண் என்றால் போனில் அதற்கு வேறு எண்ணாம். அதனால் நல்ல தமிழைக் கொடுத்தாலும் போன் அதைப் பவுண்டு, டிகிரி என்று வாசிக்கிறது. எல்லாவற்றையும் திரும்ப அடிக்க நேரம் இல்லை.

நாலு மணிக்கு அந்த அம்மாவின் மகளைப் பிரசவ அறைக்குள் அழைத்துப் போகிறார்கள். தலைப்பிரசவம், தூரத்து ஊர். உள்ளே போகுமுன் அந்தப் பெண் போன் செய்வாள். அப்போது அம்மா ஒரு வார்த்தையாவது பேசியாக வேண்டும்.

நான் பஸ் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. சாப்பிடுகிறாயா, ஃபேன் போடட்டுமா, பேசாமல் ஏதாவது கடையில் கொடுத்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலையில் உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் அசைய மாட்டாள்.

என்னதான் அடித்து வைத்திருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். கையால் திரையை மறைத்தாள்.

மதியம் அவள் எழுதிய புரோகிராம் ஓடியது. திரையில் தமிழ் வந்தது. கை தட்டலாம் என்று நினைத்தேன், அதற்குள் போன் திக்க ஆரம்பித்தது. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நின்றன.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஒரு காகிதத்தை இழுத்து எனக்குப் படம் போட்டுக் காட்டினாள். பழைய முறையில், நாம் கையால் எழுதுவது போலவே, முதலில் கொம்பு, பிறகு எழுத்து. போனுக்கோ முதலில் எழுத்து, பிறகுதான் கொம்பு. வரிசையை மாற்ற மறந்துவிட்டிருக்கிறாள்.

"முன்னாடி நிக்கிறவங்க எல்லாம் பின்னாடி நகருங்க. அவ்வளவுதான? இது என் வேலையாச்சே!"

அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். திரும்பவும் விசைப்பலகையில் குனிந்தாள்.

கடிகாரம் நாலை நெருங்கியது. பயம் வந்தால் எனக்குப் பேச்சு இன்னும் கூடும். பஸ் கதை, மழைக் கதை என்று எதையோ சொல்லிக்கொண்டே மேசையைச் சுற்றினேன்.

என் சட்டைப்பையில் போன் அடித்தது.

எங்கள் மகள்.

"ஒண்ணும் பயப்படாதடா கண்ணு, இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, நீ பொறந்தப்ப பாரு..." என்று பிடித்துக்கொண்டேன். மூச்சு விடவில்லை. விட்டால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. காலையில் பவுண்டு, டிகிரி என்ற அதே குரல். செய்தி வாசிப்பதுபோல் நிதானமாக, ஒரு கொம்புகூடப் பிசகாமல் சொன்னது.

"போதும். கொஞ்சம் வாயை மூடிட்டு போனை என்கிட்ட குடுங்க."

மறுமுனையில் மகள், "அம்மாவா?" என்றாள். விசும்பினாளா சிரித்தாளா என்று தெரியவில்லை.

ஆபரேஷனுக்குப் போகுமுன், எனக்குத் தெரியாமல், இந்த வாக்கியத்தையும் அடித்து வைத்திருக்கிறாள். எப்படியும் தேவைப்படும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன.

கழுத்தில் சுற்றியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டு என் மனைவி கையை நீட்டினாள்.

வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன்.